காத்து பிடிச்சே ஓட்டிடலாம்னு நினைக்கிறவங்களுக்கு

ரொம்ப நாள் கழிச்சு ஒரு பதிவு. கதை, கவிதைன்னு உங்களைக் கொடுமைப்படுத்துற எண்ணம் இன்னைக்கு இல்லை, பயப்படாதீங்க. ஒரு டயரைப் பத்தி எழுதப் போறேன். சிரிக்காதீங்க மக்களே, அந்த டயர் என்கிட்டேர்ந்து 5,800 ரூபாயும் மூணு மாச நிம்மதியும் பிடுங்கிட்டுப் போச்சு. இன்னும் பெரிசா ஒண்ணைப் பிடுங்கியிருக்கும், நல்லவேளை, தப்பிச்சோம்.

சொல்ல வந்ததை முதல்லயே சொல்லிடறேன். பாதியில ஓடிப்போறவங்களுக்கும் உபயோகமா இருக்கட்டும். மெதுவா காத்து இறங்குற டயர், பஞ்சர் ஆன டயரை விட மோசம். பஞ்சர் ஆனா வண்டியை நிறுத்தித்தான் ஆகணும். மெதுவா இறங்குற டயர் உங்களை நிறுத்தாது. "அட, காத்து பிடிச்சுக்கலாம்பா"னு தட்டிக் கொடுத்து ஹைவே வரைக்கும் கூட்டிட்டுப் போகும்.

இனி கதை.

எங்க வீடு கொட்டிவாக்கத்துல, கடல்லேர்ந்து நாலாவது தெரு. சாயங்காலம் மொட்டை மாடியில நின்னா காத்து சும்மா அள்ளிட்டுப் போகும். வர்ற சொந்தக்காரங்க எல்லாம் "கொடுத்து வெச்சவன்டா"னு சொல்லிட்டுப் போவாங்க. அந்தக் காத்துல என்ன இருக்குன்னு வீட்டு ஜன்னல் கம்பியைக் கேளுங்க, சொல்லும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பெயின்ட் அடிச்சும் துருவா உதிருது. எட்டு வருஷமா அதே காத்துலதான் என் காரும் நிக்குது. அலாய் வீல் காரு. வாங்கும்போது அதுக்குன்னே மேல காசு குடுத்து அடுத்த மாடலுக்குப் போனவன் நான் (தங்கமணி வேணாம்னுதான் சொன்னாங்க, அதை இங்க பதிவு பண்ணிடறேன்).

மார்ச் மாசம் பின்பக்க இடது டயர்ல காத்து குறைய ஆரம்பிச்சுது. 33 பிடிச்சா அடுத்த வாரம் 26. நல்ல டயர்லயும் மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு பிஎஸ்ஐ தானா குறையும், அது இயற்கை. வாரத்துக்கு ஏழு குறைஞ்சா அது வியாதி.

முதல் கடை. தண்ணித் தொட்டியில வீலை முக்கிப் பார்த்தார் தம்பி. ஆணி இல்லை, கிழிசல் இல்லை. ரிம் ஓரத்துல மட்டும் கடுகு மாதிரி குமிழி, ஒண்ணு விட்டு ஒண்ணு. "ரிம் லீக் சார், டியூப் போட்டுருவோம், அப்புறம் உங்களுக்குப் பிரச்சனையே இல்ல." டியூப்லெஸ் டயர்ல டியூபானு யோசிச்சு வேணாம்னுட்டு வந்துட்டேன்.

ரெண்டாவது கடை கொஞ்சம் பெரிசு. ஏசி ரூம், காபி எல்லாம் உண்டு. "டயர் விளிம்பு போயிடுச்சு சார், மாத்தணும்." மாத்தினேன், 5,800. அடுத்த ஞாயித்துக்கிழமை கேஜ் வெச்சுப் பார்த்தா 27. புது டயர்!

மூணாவது கடையில நைட்ரஜன். "மூலக்கூறு பெரிசு சார், லீக்கே ஆகாது." நாம வழக்கமா பிடிக்கிற காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தானேன்னு வாய் வரைக்கும் வந்துச்சு, கேக்கலை. ரப்பர் வழியா கசியறதுல ஏதோ கொஞ்சம் வித்தியாசம் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியற அளவு குமிழி வர்ற ஓட்டையில மூலக்கூறு பெரிசா இருந்தா என்ன, சிறிசா இருந்தா என்ன? கல்யாண மண்டப வாசல்ல ஒல்லியானவங்களை மட்டுமா உள்ள விடறாங்க? :-)

அதுக்கப்புறம் நான் பண்ணினது அக்மார்க் நம்மூர் வைத்தியம். வாரா வாரம் பெட்ரோல் பங்க்ல காத்து பிடிச்சுக்கிட்டேன். அஞ்சு நிமிஷ வேலை, காசும் கிடையாது. இதுக்குப் போய் யாராவது தலையைப் பிச்சுப்பாங்களா?

ஜூன் மாசம் திருச்சியில அம்மாவோட தம்பி பேரனுக்குக் காதுகுத்து. ஆபீஸ்ல வேலை கழுத்தை நெரிச்சதுல ஒரு வாரம் காத்து பிடிக்க விட்டுப்போச்சு. விடியக்காலை நாலரைக்குக் கிளம்பினோம். இருட்டுல டயரை ஒரு பார்வை பார்த்தேன், நல்லாத்தான் தெரிஞ்சுது. ரேடியல் டயருக்கு எப்பவுமே லேசா வயிறு பிதுங்கித்தான் இருக்கும். 33-க்கும் 22-க்கும் கண்ணால வித்தியாசம் கண்டுபிடிக்கவே முடியாதுங்கறது அப்ப எனக்குத் தெரியலை.

செங்கல்பட்டு தாண்டி நல்ல வேகம். மேல்மருவத்தூர் பக்கம் வரும்போது பின்சீட்லேர்ந்து அம்மா, "ஏண்டா, ஏதோ ரப்பர் கருகுற வாடை வருதே"ன்னாங்க. "வெளிய எவனாவது குப்பை கொளுத்துவான்மா"ன்னேன். ரெண்டு கிலோமீட்டர் கழிச்சு தங்கமணியும் அதையே சொன்னாங்க. வீட்ல ரெண்டு பேர் சொன்னதுக்கப்புறமும் ஓட்டற தைரியம் எனக்கு இல்லை. ஒரு டீக்கடை ஓரமா நிறுத்தினேன்.

இறங்கி ஒவ்வொரு டயரா கை வெச்சுப் பார்த்தேன். மூணு வெதுவெதுப்பா இருந்துச்சு. நாலாவதுல வெச்ச கையை உடனே எடுத்துட்டேன். தோசைக்கல் மாதிரி சுட்டுச்சு. டேஷ்போர்டுல தூங்கிட்டிருந்த கேஜை எடுத்து வெச்சா, 17. அதுவும் சூடான டயர்ல. சூட்டுல காத்தழுத்தம் ஏறும்னு பள்ளிக்கூடத்துல படிச்சோமே, அப்படின்னா காலையில வீட்ல நிக்கும்போது 17 கூட இருந்திருக்காது.

அந்த டயருக்கு நேர் மேல உக்காந்திருந்தது எங்கம்மா. எழுபத்து நாலு வயசு. நான் நூறுல ஓட்டிட்டு வந்திருக்கேன்.

டீக்கடைக்காரர் உதவியோட ஸ்டெப்னி மாத்தினோம். இதுல ஒரு கூத்து. ஸ்டெப்னி மட்டும் இரும்பு ரிம். மூணு வருஷமா தொட்டதில்லை, அதுல 24 இருந்துச்சு! பளபள அலாய் ஒரு வாரம் தாங்கலை, டிக்கியில கிடந்த கறுப்பு இரும்பு மூணு வருஷம் தாங்கியிருக்கு. உருட்டிட்டே போய் பங்க்ல காத்து பிடிச்சு, திண்டிவனத்துல ஒரு சின்ன டயர் கடையில நிறுத்தினேன்.

கடையில அறுபது வயசு மதிக்கத்தக்க ஒரு பெரியவர். என் கதையைப் பாதிகூடக் கேக்கலை. மெஷின்ல வெச்சு டயரைக் கழட்டினார். உள்ளே கைவிட்டு எடுத்தா கறுப்பா பொடி, காபித்தூள் மாதிரி. "பாத்தீங்களா, டயரோட உள்சுவர் மடிஞ்சு மடிஞ்சு அரைஞ்சிருக்கு. இதை நான் திரும்ப மாட்ட மாட்டேன் சார்." வாங்கி ரெண்டரை மாசம் ஆன டயர். அப்புறம் ரிம்மைத் திருப்பிக் காட்டினார். உள்பக்க ஓரம் பூரா வெள்ளையா பூத்து, பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பிக் கிடக்கு.

"கடலோரமா வீடு?"

"ஆமாங்க."

"உப்பு பூத்திருக்கு சார். டயரை மாத்தி என்ன பிரயோஜனம்? அது உக்கார்ற திண்ணை இடிஞ்சு கிடக்கு."

மூணு கடை ஏறி இறங்கியும் கிடைக்காத பதில் இந்த ஒரு வரியில கிடைச்சுது.

விஷயம் இதுதான். டியூப்லெஸ் டயர்ல காத்தைப் பிடிச்சு வெச்சிருக்கறது டயரும் ரிம்மும் சேர்ந்துதான். டயரோட உள்வட்ட விளிம்பை பீட்னு சொல்றாங்க. உள்ளே எஃகுக் கம்பி வளையம், மேல ரப்பர். அது ரிம்ல ஒரு பட்டையான இடத்துல அழுந்தி உக்காரும். அந்த அழுத்தம்தான் சீல், வேற பசையோ வாஷரோ கிடையாது. அந்தப் பட்டை வழவழன்னு இருக்கற வரைக்கும் காத்து வெளிய போகாது.

அலாய் வீல்னா பெரும்பாலும் அலுமினியம், கூடவே கொஞ்சம் சிலிக்கான், மெக்னீசியம். அலுமினியம் துருப்பிடிக்காதுன்னு நாம நினைச்சுட்டிருக்கோம். சிவப்பாத் துரு வராது, அவ்வளவுதான். அதுக்கு மேல தானா ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கு, அதுதான் கவசம். உப்புல இருக்கற குளோரைடு அந்தக் கவசத்தைத்தான் அங்கங்க துளைக்கும். குட்டிக் குட்டிக் குழி விழும். குழியிலேர்ந்து வர்ற வெள்ளைப் பொடி, கரைஞ்ச உலோகத்தை விட அதிக இடம் எடுத்துக்கும். அதனால மேல இருக்கற பெயின்டைத் தூக்கும். தூக்கின இடத்துக்குள்ள ஈரம் போகும், இன்னும் அரிக்கும். அப்புறம் பீட் உக்கார்றது வழவழப்பான பட்டையில இல்லை, கருங்கல் ஜல்லி மேல.

பெயின்ட் நல்லா இருந்தா உப்பு என்ன பண்ணும்னு கேக்கலாம். நியாயமான கேள்வி. ஆனா பெயின்டை உடைக்கறது நாமளேதான். டயர் மாத்தும்போது கடப்பாரை போட்டு நெம்புறோம். பேலன்சிங் வெயிட்டை ரிம் ஓரத்துல சுத்தியலால அடிச்சு மாட்டறோம். அந்தக் கிளிப்பு எஃகா இருந்தா இன்னும் விசேஷம். ரெண்டு வேற வேற உலோகம், நடுவுல உப்புத் தண்ணி, கிட்டத்தட்ட ஒரு பேட்டரியே தயார். அதுல கரையறது அலுமினியம். 'டைமண்ட் கட்'னு பளபளக்குது பாருங்க, அதுல கடைஞ்செடுத்த முகத்து மேல மெல்லிசா லாக்கர் மட்டும்தான். ஒரு கல் அடிச்சுதுன்னா போதும், அதுக்கடியில வெள்ளைப் புழு ஊர்ற மாதிரி அரிப்பு ஓடும்.

இது கடலோரத்துக்காரன் தலையெழுத்து மட்டும்னு நினைச்சேன். என் அக்கா பையன் டொரன்டோல, ஸ்கார்பரோ பக்கம் இருக்கான். அவன்கிட்ட புலம்பினா சிரிக்கிறான். "மாமா, இங்க குளிர்காலத்துல பனி உருகறதுக்கு ரோட்டுலயே உப்பு கொட்டறாங்க. எங்களுக்கு ரோடே கடல்தான்." அங்க பல பேர் பனிக்கால டயரைத் தனியா இரும்பு ரிம்ல போட்டு வெச்சிருப்பாங்களாம். டயர் கழட்டும்போது ரிம் ஓரம் அரிச்சிருந்தா சுத்தம் பண்ணி மாட்டறது ரொம்ப சாதாரண வேலையாம். நமக்குத்தான் இது ரகசிய வைத்தியம்.

அந்த வைத்தியம் என்னன்னு சொல்லிடறேன், பெரியவர் என் கண் முன்னாடி பண்ணினது.

முதல்ல காத்தை முழுசா இறக்கி டயரைக் கழட்டணும். டயர் மாட்டியிருக்கும்போதே ஓரத்துல எதையாவது பூசறது ஏமாத்து வேலை. அப்புறம் ஒயர் பிரஷ் போட்டு உப்பின பெயின்டையும் வெள்ளைப் பொடியையும் சுத்தமா எடுத்தார். உள் ஓரம், வெளி ஓரம் ரெண்டுலயும். ஒயர் பிரஷ் துருப்பிடிக்காத எஃகா இருந்தா நல்லது. சாதா இரும்புன்னா அதோட துகள் அலுமினியத்துல ஒட்டிக்கிட்டு மறுபடி அரிப்புக்கு விதை போடும். அடுத்து உப்புத்தாள் போட்டு, விரலால தடவினா மேடு பள்ளம் தெரியாத வரைக்கும் தேய்ச்சார் (உப்பால வந்த வினைக்கு உப்புத்தாள்!). பாலிஷ் பண்றேன்னு உலோகத்தைச் சுரண்டக் கூடாது. பவர் கிரைண்டரை எடுத்தா ஓடி வந்துடுங்க, குழியைச் சரி பண்றேன்னு பள்ளம் தோண்டிடுவாங்க.

பொடியெல்லாம் துடைச்சதும் பீட் சீலர். தார் மாதிரி கறுப்பா, பிரஷ்ல பூசற ரப்பர் திரவம். மெல்லிசா ஒரு பூச்சு. மிச்சம் இருக்கற நுணுக்கமான குழியை அது அடைக்கும். சுத்தம் பண்ணாம இதை மட்டும் பூசினா ஈரச் சுவத்துல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி, அடுத்த மழைக்கு உதிரும். வால்வையும் புதுசா மாத்தினார். அது உக்கார்ற ஓட்டையைச் சுத்தியும் உப்பு பூத்திருந்துச்சு. டயர் மாட்டி, காத்து ஏத்தி, சோப்புத் தண்ணி ஊத்தி அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்து பார்த்தார். சின்னக் கசிவு உடனே குமிழி விடாது, காத்திருக்கணும். கடைசியா பேலன்சிங், கிளிப்பு இல்லாம உள்பக்கம் ஒட்டற வெயிட்டு.

முக்கால் மணி நேரம். 400 ரூபாய். டயர் காசு தனி, அழுதுகிட்டே குடுத்தேன். காதுகுத்துக்குப் போய்ச் சேர்ந்தப்ப பிள்ளை அழுது முடிச்சு தூங்கிட்டிருந்தான். மாமா இன்னும் என்கிட்ட சரியா பேசலை. அடுத்த வாரம் மத்த மூணு வீலையும் இதே மாதிரி பண்ணிட்டேன். மூணுல ரெண்டுல வெள்ளை பூக்க ஆரம்பிச்சிருந்துச்சு. அஞ்சு மாசம் ஆச்சு, மாசத்துக்கு ஒரு பிஎஸ்ஐக்கு மேல எதுவும் குறையலை.

இப்ப, ஊர்ல கிடைக்கற இலவச ஆலோசனைகளுக்கு வருவோம்.

டியூப் போடறது: டியூப்லெஸ் டயரோட உள்பக்கம் டியூபுக்காகச் செஞ்சது இல்லை. ரெண்டும் உரசி சூடாகும். அதை விட முக்கியம், ஆணி குத்தினா டியூப்லெஸ் மெதுவா இறங்கும், டியூப் சட்டுனு இறங்கும். மெதுவா இறங்குற லீக்கைச் சரி பண்ணப் போய், ஒரே நிமிஷத்துல இறங்குற டயரை விலைக்கு வாங்கறோம்.

வால்வு வழியா ஊத்தற பச்சை திரவம்: வண்டி ஓடும்போது அது வெளிப்பக்கமா வீசப்பட்டு, டயர் ரோட்டைத் தொடற பகுதியில போய் ஒட்டும். அங்க ஆணி குத்தினா அடைக்கும், சரி. ரிம் ஓரத்துக்கு அது ஒழுங்காப் போய்ச் சேரும்னு எந்த உத்தரவாதமும் இல்லை.

கிரீஸ் தடவறது: இதுவும் நடக்குது, கண்ணால பார்த்தேன். ரப்பருக்குக் கேடு. பிரேக் அடிக்கும்போது ரிம் மேல டயர் வழுக்கும். வேண்டவே வேண்டாம்.

எல்லா ரிம்மையும் காப்பாத்திட முடியும்னும் சொல்லலை. விரிசல் விட்டிருந்தா, பள்ளத்துல விழுந்து வளைஞ்சிருந்தா, நகம் மாட்டற அளவு ஆழமா குழி விழுந்திருந்தா, ரிம்மை மாத்தறதுதான் வழி. காசு இல்லைன்னா இரும்பு ரிம் போடுங்க. அழகு குறையும், உயிர் குறையாது.

கடைக்காரங்களை மட்டும் திட்டிட்டு முடிச்சா நல்லா இருக்காது. நாம பஞ்சர் கடையில நூத்தம்பது ரூபாய்க்கு மேல குடுக்க யோசிக்கற ஆளுங்க. முக்கால் மணி நேரம் உக்காந்து உப்புத்தாள் தேய்ச்சு 400 கேட்டா "என்னங்க, ஒரு பஞ்சருக்கா?"ன்னு கேப்போம். டயர் வித்தா அவருக்கு லாபம் பத்து நிமிஷத்துல வருது. அவர் எதைச் சொல்லுவார்? வேலைக்குக் காசு குடுக்க மாட்டோம், பொருளுக்குக் குடுப்போம்னு நாம அடம் பிடிச்சா, எல்லா வியாதிக்கும் பொருள்தான் மருந்தா வரும்.

அமெரிக்காவுல 2007 செப்டம்பர்லேர்ந்து, புதுசா வர்ற கார்கள்ல டயர் காத்து 25 சதவீதம் குறைஞ்சா விளக்கு எரியணும்னு சட்டம். 33 பிடிக்கிற டயர்னா 25 கிட்ட வரும்போதே எச்சரிக்கை வந்துடும். இங்க 2020-ல வந்த விதி, அந்த மாதிரி சென்சாரும் டியூப்லெஸ் டயரும் ரிப்பேர் கிட்டும் இருந்தா கார்ல ஸ்டெப்னி கட்டாயமில்லைன்னு சொல்லுது. என்னை மாதிரி பழைய கார் வெச்சிருக்கறவங்களுக்கு விளக்கும் கிடையாது. நமக்கு இருக்கற சென்சார் 300 ரூபாய் கேஜும், பின்சீட்ல உக்காந்திருக்கற அம்மாவோட மூக்கும்தான்.

அதனால மக்களே, கேஜ் ஒண்ணு வாங்குங்க. காலையில, வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி, பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை வெச்சுப் பாருங்க. ஒரு டயர் மட்டும் தனியா குறைஞ்சுட்டே வந்தா, ஆணி இல்லைன்னா, ரிம் ஓரத்தைச் சந்தேகப்படுங்க. வெளிப்பக்கம் நல்லா இருக்குன்னு நம்பாதீங்க, என்னோடது உள்பக்கம்தான் பூத்திருந்துச்சு. புது டயர் மாத்தும்போது "ரிம் ஓரத்தைச் சுத்தம் பண்ணிட்டு மாட்டுங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, கூட நூறு ரூபாய் கேட்டா குடுத்துடுங்க. கடலோரமா இருக்கறவங்க வாரம் ஒரு தடவை வீலை நல்ல தண்ணியில கழுவுங்க, ஆசிட் மட்டும் வேண்டாம்.

உங்க ஊர்ல இந்த மாதிரி ரிம்மைச் சுத்தம் பண்ணி மாட்டித் தர்ற கடை இருந்தா, ஏரியா பேரைப் பின்னூட்டத்துல போட்டுட்டுப் போங்க. நாலு பேருக்கு உதவும்.

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்லை, அடிபட்டவன். இதைப் படிச்சுட்டு வீட்ல நீங்களே டயரைக் கழட்ட உக்காராதீங்க. தங்கமணி இதைப் படிச்சா "அலாய் வேணாம்னு அப்பவே சொன்னேனே"ன்னு ஆரம்பிப்பாங்க. அதுக்கு மட்டும் என்கிட்ட மருந்து இல்லை :-)